கண்ணுறங்கி வீட்டுப் பெண்கள்

திருப்பூரில் ஏறும்போதே "கணியூர் போகுமா?" என்று கேட்டேன். "போலாமுங்க" என்றார் நடத்துனர். பேருந்து தாராபுரத்தோடு நின்றுவிட்டது. "இங்க எறங்கி வேற பஸ்ஸு மாறிப் போலாமுங்க. அதைத்தானுங்க சொன்னேன்" என்று அவர் அத்தனை பணிவாகச் சொன்னபோது கோபப்படக்கூட முடியவில்லை. எங்கள் ஈப்போவில் பேருந்து ஓட்டுநர்கள் சிரிக்கவே மாட்டார்கள். ஆனால் போகாது என்றால் போகாது என்பார்கள்.

நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் கம்பங்கூழ் குடித்தேன். தொட்டுக்கொள்ள மோர்மிளகாயும் சின்ன வெங்காயமும். பக்கத்தில் நின்று குடித்த பெண், "எந்த ஊருங்க? பேச்சு வேற மாதிரி இருக்குது" என்றார். மலேசியா என்றேன். "அங்கயும் கம்பு வெளையுதுங்களா?" இல்லை என்றதும் என் மேல் இரக்கப்பட்டவர் போலத் தன் தட்டிலிருந்த ஒரு மிளகாயை எடுத்து என் தட்டில் வைத்தார்.

நான் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. என் தங்கை சுமதிக்கு முப்பதைத் தாண்டியதும் சர்க்கரை நோய் வந்தது. பிறகு காது மந்தமானது. ஒருநாள் சமைத்துக்கொண்டிருந்தவள் வலிப்பு வந்து அடுப்படியில் விழுந்தாள். மூன்றுக்கும் மூன்று இடத்தில் வைத்தியம் நடந்தது. கடைசியில் ஒரு மருத்துவர்தான் மூன்றும் ஒன்றே என்றார். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் பழுது.

நான் இடைநிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. ஆண்டுதோறும் பலகையில் அவரை விதை போல ஒன்றை வரைந்து, உள்ளே வளைவு வளைவாகக் கோடு இழுத்து, நாம் சாப்பிடுவதையெல்லாம் எரித்துச் சக்தியாக்கும் இடம் இதுதான் என்று சொல்லிக் கொடுத்தவள். அது என் வீட்டுக்குள்ளேயே அணைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

"இது தாய் வழியாக மட்டும்தான் வரும். உங்கள் அம்மாவின் உறவில் பெண்கள் இருந்தால் சொல்லிவிடுங்கள். வலிப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று இவர்களுக்கு ஆபத்தாக முடியலாம்" என்றார் அந்த மருத்துவர். அம்மா இறந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. கல்யாணமாகி மலேசியா வந்த பிறகு அவருக்கு ஊரோடு தொடர்பு விட்டுப்போனது. கணியூரில் அவருக்கு ஓர் அக்கா இருந்தார், பெயர் மாராத்தாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பள்ளி விடுமுறை விட்டதும் கிளம்பிவிட்டேன்.

கணியூரில் இறங்கியபோது உச்சி வெயில். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. டீக்கடையில் மட்டும் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாலை ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரரின் கை என்னைப் பார்த்ததும் பாதியில் நின்றது. நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"ஏனுங்க, நீங்க கண்ணுறங்கி ஊட்டுப் புள்ளைங்களா?"

புரியவில்லை. மாராத்தாள் என்பவரைத் தேடி வந்திருக்கிறேன் என்றேன்.

"அதானுங்க. அதே மொகம்" என்றார்.

எனக்கும் ஒரு டீ கேட்டேன். அவர் ஆற்றிக்கொண்டே சொன்னார். அந்த வீட்டுப் பெண்களுக்கு வயது ஏற ஏற இமை இறங்கிவிடுமாம், உட்கார்ந்தபடியே உறங்குகிறவர்கள் போல. காதும் அடைத்துவிடுமாம். "ஆம்பளைகளுக்கும் வருமுங்க. ஆனா அவிக பெத்த புள்ளைகளுக்கு வாரதில்ல. பொண்ணு எந்த ஊட்டுக்குப் போவுதோ, அங்கத்தான் அது கூடவே போவும். சாபம்னு சொல்லுவாங்க. நாங்கெல்லாம் நம்பறதில்லீங்க." நம்பாதவர் மற்றவர்களுக்கு டீயைக் கையில் கொடுத்தார். எனக்கு மட்டும் பலகையில் வைத்துவிட்டு விலகி நின்றுகொண்டார்.

ஈப்போவில் மருத்துவர் பெண்ணுக்கு வட்டமும் ஆணுக்குச் சதுரமும் வரைந்து எனக்கு விளக்கியது இதே விதியைத்தான். இந்த ஊர் அதை எப்போதோ கண்டுபிடித்து, சாபம் என்று பெயர் வைத்து, அந்தப் பெண்களைத் தள்ளி நிறுத்தியிருந்தது.

"அவிக எல்லாரும் திருப்பூர்ப் பக்கம் அருள்புரம் போயிட்டாங்க. பனியன் கம்பெனிக்கு" என்று கடைக்காரர் வழி சொன்னார்.

மறுநாள் காலை திருப்பூரில், தங்கியிருந்த விடுதிக்கு எதிரே சந்தகையும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டேன். நம் இடியாப்பம்தான், ஆனால் நூல் இன்னும் மெல்லியது. நூல் என்ற சொல்லை இந்த ஊரில் யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். எங்கும் அதுதான். காற்றிலேயே பஞ்சு மிதந்து வந்து தேங்காய்ப்பாலில் விழுந்தது. விரலால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன்.

அருள்புரம் போகும் ஷேர் ஆட்டோவில் வடக்கத்தி இளைஞர்கள் இருவர் இந்தியில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். ஓட்டுநர் எனக்கு மொழிபெயர்த்தார்: "இந்த ஊர்ல மழையே பெய்யறதில்ல, ஆனா பனி மட்டும் தெனமும் விழுதுன்னு சொல்றானுங்க." ஆட்டோவை விட்டு இறங்கி என் தோளைப் பார்த்தேன். கறுப்பு ரவிக்கையில் வெள்ளைப் பஞ்சு.

வரிசை வீடுகளில் கடைசி வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு பெண்கள் பனியன் குவியலின் நடுவே தரையில் உட்கார்ந்து, சின்னக் கத்தரியால் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினேன். கூப்பிட்டேன். இன்னும் பலமாகத் தட்டினேன். கத்தரிகள் நிற்கவில்லை. நான் அங்கே இல்லாதது போலவே இருந்தது. செத்துப்போனவர்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தால் அவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் உள்ளே ஓரடி வைத்ததும் என் நிழல் துணியின் மேல் விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். அவர்கள் கண்களை உயர்த்தவில்லை, மோவாயை உயர்த்தினார்கள். பாதி மூடிய இமைகளுக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்தார்கள். இளையவருடைய முகம், என் அம்மாவின் கடைசி ஆண்டுகளின் முகம். அம்மாவும் அப்படித்தான் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். வயதாகிவிட்டது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

மூத்தவர்தான் மாராத்தாள் பெரியம்மா. இளையவர் அவருடைய மகள் கலாமணி, எனக்கு அக்கா முறை. நான் யார் என்று சொன்னதும் கலாமணி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் காது அறவே கேட்காது. ஆனால் உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொண்டார். "நிட்டிங் மெசினு ஓடற எடத்துல எல்லாரும் இப்படித்தான் கண்ணு பேசுவோம். அந்தச் சத்தத்துலதான் காது போச்சு" என்றார்.

"பெரியம்மாவுக்கும் அப்படித்தானா அக்கா?"

பெரியம்மா எந்தக் கம்பெனிக்கும் போனவர் இல்லை. கணியூரில் வெங்காயக் காட்டில் வேலை செய்தவர் என்று டீக்கடைக்காரர் சொல்லியிருந்தார். கலாமணி அக்கா அடுத்த பனியனை எடுத்தார்.

பெரியம்மா என் முகத்தை இரண்டு கைகளாலும் தடவினார். பிறகு கட்டை விரலால் என் இமையை மெல்ல உயர்த்தி, விட்டுவிட்டு, அது எங்கே வந்து நிற்கிறது என்று கவனித்தார். மற்ற இமையையும் அப்படியே செய்தார். "இவளுக்கு இன்னும் வல்லே" என்று காது கேட்காதவர்களின் உரத்த குரலில் அறிவித்தார். புள்ளைக எத்தனை என்று கேட்டார். ஒரே மகள், யாழினி, பள்ளியில் கடைசி வருடம் என்றேன். "மகளா" என்று மட்டும் சொன்னார்.

அரிசியும்பருப்பும் சோறு, நிறைய நெய், பச்சைப்புளி ரசம். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் கலாமணி அக்காவின் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சுமதிக்கு வந்தது, அது எப்படி வருகிறது, எந்த மருந்து ஆகாது. அவர் என் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"எங்கூருல சாபம்னு சொன்னாங்க. இல்ல, மெசினு சத்தம்னு நான் சொல்லிச் சொல்லித்தான் இந்த எடத்துல தலை நிமிந்து இருக்கறேன். இப்ப நீ வந்து சாபம்தான்னு சொல்றியே?"

"சாபம் இல்லக்கா. நோய்."

"ரெண்டும் ஒரே ஊட்டுக்குத்தான கண்ணு வருது?"

அவருக்கும் ஒரே மகள், நந்தினி. ஒரு கம்பெனியில் செக்கிங் பகுதிக்கு மேற்பார்வையாளர். தை மாதம் கல்யாணம். அவளுக்கு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டேன். அடிக்கடி தலைவலி வரும், வாந்தி எடுப்பாள், ஒத்தைத் தலைவலி என்று மாத்திரை வாங்கிப் போடுகிறாள் என்றார். சுமதிக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

"அவகிட்ட ஒண்ணும் சொல்லிப்போடாத. கல்யாணம் முடியட்டும்." என் கையை அவர் இறுக்கிப் பிடித்த பிடி வலித்தது. நான் தலையாட்டினேன். அப்போது வாசலில் ஒரு பெண் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, "சித்தி" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். எத்தனை நேரமாக அங்கே நின்றாள் என்று தெரியவில்லை.

மறுநாள் நந்தினி என்னைக் கம்பெனி பார்க்க அழைத்துப் போனாள். அவளுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பல்லடம் சாலையில் இடப்பக்கம் நின்றிருந்த சரக்கு வேனின் கண்ணாடியை உரசி உடைத்துவிட்டாள். பட்டப்பகல், அகலமான சாலை. வேன்காரர் இறங்கி வந்து, "ஏம்மா, கண்ணு தெரியலீங்களா?" என்று கேட்டார். கோபத்திலும் ஒரு ங்க. நந்தினி அவரைப் பார்க்காமல் வேனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வண்டி நிக்கறதே தெரியல சித்தி" என்றாள் மெதுவாக.

செக்கிங் கூடத்தில் நீள நீளமான மேசைகள். குழல்விளக்குகளின் வெளிச்சத்தில் யாருக்கும் நிழலே இல்லை. பெண்கள் வெள்ளை பனியன்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, பழுது கண்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஒன்றை ஒட்டி ஒதுக்கினார்கள். நந்தினி மேசையருகே நின்று ஒரு குவியலைச் சரிபார்த்தாள். வலப்பக்கத்தில் இருந்தவற்றை மட்டும் எடுத்தாள். இடப்பக்கக் குவியலை அவள் கை தொடவேயில்லை.

என்னை அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த மூலைக்குக் கூட்டிப்போனாள்.

"நேத்து அம்மாகிட்ட என்ன சொன்னீங்க சித்தி?"

"சும்மா ஊர்க்கதை."

"நான் வாசல்ல நின்னுட்டு உங்க உதட்டைப் பார்த்துட்டேன். எங்க ஊட்டுல மெதுவாப் பேசி எதையும் ஒளிக்க முடியாதுங்க. மைட்டோ... அந்த ஒரு வார்த்தை மட்டும் புரியல."

கலாமணி அக்காவுக்குத் தலையாட்டியது நினைவிருந்தது. ஆனால் வேனின் உடைந்த கண்ணாடியும் கண்ணுக்குள்ளேயே நின்றது. சொன்னேன்.

மைட்டோகாண்ட்ரியா ஓயாமல் எரிகிறது, எரிவதால் தானும் கெட்டுப்போகிறது என்றேன். உடம்பு அதைச் சும்மா விடுவதில்லை. லேசாகக் கெட்டதை நல்லதோடு ஒட்டவைக்கும், இரண்டும் உள்ளிருப்பதைப் பங்கிட்டுக்கொண்டு சமாளிக்கும். அதற்கும் சரிப்படவில்லை என்றால் கெட்ட பகுதியைத் தனியே கிள்ளி எடுத்துவிடும். ஒரு புரதம் இருக்கிறது. நல்ல மைட்டோகாண்ட்ரியா அதை உடனே உள்ளே இழுத்து அழித்துவிடும். கெட்டதற்குச் சக்தி இறங்கிப்போனதால் இழுக்க முடியாது, அதனால் அந்தப் புரதம் வெளியே ஒட்டிக்கொண்டே நிற்கும். அதைப் பார்த்து இன்னொன்று வந்து, இது கெட்டது என்று அடையாளம் குத்தும். பிறகு ஒரு பை வந்து சூழ்ந்து, விழுங்கி, கரைத்துவிடும். இப்போது நாம் பேசிக்கொண்டிருக்கும்போதும் நடக்கிறது.

"உள்ளேயும் செக்கிங்கா?" என்றாள். "யாரு பாக்கறாங்க?"

"யாரும் பார்ப்பதில்லை. தானாகவே நடக்கிறது."

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். நானும் என் கையைப் பார்த்தேன். எத்தனையோ முறை வகுப்பில் சொன்ன பாடம்தான். ஆனால் அந்த நிழலில்லாத வெளிச்சத்தில் நின்று சொன்னபோது, என் தோலுக்கு அடியில் யாரும் பார்க்காமல், யாரும் சொல்லாமல், எதுவோ எதையோ விழுங்கிக்கொண்டே இருக்கிறது என்பது முதல்முறையாக எனக்கு அச்சம் தந்தது.

"அப்ப எங்களுக்கு மட்டும் ஏன் சித்தி?"

"நம்ம குடும்பத்தில் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே இருக்கும் மரபணுவில் பிழை. நல்லதும் கெட்டதும் கலந்துதான் அம்மாவிடமிருந்து வருகிறது. கெட்டது நல்லதோடு சேர்ந்து சமாளித்துக்கொண்டே இருப்பதால் பல சமயம் இந்தச் செக்கிங்கில் மாட்டுவதில்லை. அதன் பங்கு கூடிக்கொண்டே போய், ஓர் அளவைத் தாண்டினால்..."

"சித்தி" என்று இடைமறித்தாள். குரல் மாறியிருந்தது. "உங்க மொகம் பாதிதான் தெரியுது."

கம்பெனி வேனில் ஏற்றும்போதே அவளுக்கு இடது கை வெட்டத் தொடங்கியது. மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் உடம்பு முழுக்கப் பரவியது. அவள் தலை என் மடியில் இருந்தது. கண்கள் திறந்தே இருந்தன, ஆனால் அவற்றில் யாரும் இல்லை. வேன் ஓட்டியவர் ஒலிப்பானிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

பணியில் இருந்த இளம் மருத்துவர் முதல் ஊசியில் வலிப்பை நிறுத்தினார். திரும்பவும் வராமலிருக்க அடுத்த மருந்தை நரம்பில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸில் கலக்கச் சொன்னார். அவர் சொன்ன பெயர், ஈப்போ மருத்துவர் என்னை மனப்பாடம் செய்யவைத்த பெயர். நான் செவிலியரின் கையைப் பிடித்துவிட்டேன். "இது வேண்டாம். இவள் அம்மா வழியில் மைட்டோகாண்ட்ரியா நோய் இருக்கிறது. என் தங்கைக்கு உறுதியாகியிருக்கிறது." மலேசியத் தமிழும் பதற்றமும் கலந்து என்ன உளறினேனோ. மருத்துவர் என்னை ஒரு கணம் பார்த்தார். எரிந்துவிழுவார் என்று நினைத்தேன். "அம்மாவுக்குக் காது கேக்குங்களா?" என்றார். கேட்காது என்றேன். "சர்க்கரை?" பாட்டிக்கு உண்டு என்றேன். வெளியே போய்க் கோவையில் இருந்த தன் பேராசிரியரிடம் தொலைபேசியில் பேசிவிட்டு வந்து மருந்தை மாற்றினார். அன்று மாலையே நந்தினியைக் கோவைக்கு அனுப்பினார்கள்.

அதற்கு அடுத்த நாட்கள் எல்லாம் ஒரே நாள் போலக் கழிந்தன. மருத்துவமனை உணவகத்தின் தக்காளிச் சோறு, மின்தூக்கிக்குக் காத்திருத்தல், மருந்து வாடை. ஸ்கேனில் தெரிந்தது நான் பயந்ததுதான். இதைத் துடைத்துப்போடும் மருந்து இன்னும் இல்லை என்று பேராசிரியர் ஒளிக்காமல் சொன்னார். ஆகாத மருந்துகளைத் தவிர்க்கலாம், பட்டினி கிடக்கக் கூடாது, அளவான உடற்பயிற்சி செய்தால் நல்லது, தலைவலி வந்தால் உடனே வர வேண்டும். அந்த முதல் நாளில் அந்த மருந்து ஏறியிருந்தால் என்று ஆரம்பித்தவர், முடிக்கவில்லை.

பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. மாப்பிள்ளை பிரகாஷ் தன் அம்மாவோடு வந்தபோது நந்தினி எழுந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் தானே சொன்னாள். குழந்தைக்கும் வரலாம் என்பதையும் சொன்னாள். அந்த அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே, "ஊட்டுல பேசிட்டுச் சொல்றமுங்க" என்றார். பிரகாஷ் அவளிடம் ஒன்றுதான் கேட்டான்: "இப்ப நான் தெரியறனா?"

"முக்கால்வாசி தெரியறீங்க" என்றாள்.

மறுநாளும் அவன் வந்தான், தனியாக. வீட்டில் சொல்லிவிட்டு வந்தானா என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணப் பேச்சு அங்கேயே நின்றது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை.

நான் ஊர் திரும்புவதற்கு முதல் நாள், கலாமணி அக்கா படுக்கையருகே என்னை உட்கார வைத்து, என் முகத்துக்கு நேரே மோவாயை உயர்த்தினார். என் உதட்டை நன்றாகப் பார்க்க வேண்டுமாம்.

"எங்கிட்ட இருந்துதான அவளுக்குப் போச்சு?"

சுற்றி வளைக்க மனம் வரவில்லை. "ஆமாக்கா" என்றேன்.

அவர் அழுதார். காது கேட்காத பெரியம்மா, என்ன என்ன என்று எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நந்தினி உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள். "அட, எனக்கு எங்கம்மா குடுத்தா! அவளுக்கு எவ குடுத்தாளோ!" என்று பெரியம்மா சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்தக் கட்டிலுக்குப் பின்னால் பெயர் தெரியாத பெண்கள் வரிசையாக, பாதி மூடிய கண்களோடு, கண்ணுக்கெட்டாத தூரம் வரை நிற்பது போலிருந்தது. அவர்கள் கொடுத்ததில்தான் நாங்கள் ஐந்தாறு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

"சித்தி, நீங்க டெஸ்ட் எடுத்துட்டீங்களா?" என்றாள் நந்தினி.

இல்லை. ஈப்போ மருத்துவர் கேட்டபோதெல்லாம், ஊருக்குப் போய்விட்டு வந்து பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தேன்.

"எனக்குச் சொல்றதுக்கு மட்டும் கடல் தாண்டி வந்தீங்களாக்கும்?"

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் கலாமணி அக்காவோடு கீழே ஆய்வுக்கூடத்துக்குப் போய் இரத்தம் கொடுத்தேன். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்திப் பிடித்தபடி மேலே வந்து, தாழ்வாரத்தில் நின்று யாழினியை அழைத்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். பிறகு சொன்னேன். பாட்டிக்கு இருந்தது, சுமதி சித்திக்கு இருக்கிறது, இங்கே நந்தினி அக்காவுக்கும் வந்திருக்கிறது, எனக்கு இருக்கலாம், உனக்கும் இருக்கலாம்.

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"அம்மா, அந்த நந்தினி அக்கா பக்கத்தில் இருக்கிறாரா?"

"உள்ளே இருக்கிறாள்."

"அவரிடம் கொடுங்கள்."

உள்ளே போய்க் கொடுத்தேன். ஒருவரை ஒருவர் பார்த்திராத இருவரும் பேசத் தொடங்கினார்கள். நந்தினி கட்டிலை விட்டு இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் போனாள். நானும் அக்காவும் பெரியம்மாவும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் மூவரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தவள், உதடு தெரியாதபடி முதுகைக் காட்டி நின்றுகொண்டு பேச்சைத் தொடர்ந்தாள்.